குளவியும் தேளும் – இமாம் சீபவைஹியின் வாழ்வு

தொல்காப்பியத்தை ஒதுக்கிவிட்டுத் தமிழிலக்கண வரலாற்றை எழுதவியலாது. அவ்வாறே ஒரு நூலை ஒதுக்கிவிட்டு அரபிலக்கண வரலாற்றையும் எழுதவியலாது. அந்நூலுக்கு அதன் ஆசிரியர் பெயர் சூட்டவில்லை, முன்னுரையும் வரையவில்லை. பின்வந்தோர் அதனை 'அல்கிதாப்', அதாவது 'நூல்' என்றே வழங்கினர். இலக்கணம் பேசுவோர் நடுவே 'நூல்' என்ற அளவில் அஃது ஒன்றையே குறிக்கும். அதனை யாத்தவர் இமாம் சீபவைஹி (ரஹ்). நம் நாட்டு அரபிக் கல்லூரிகளில் 'நஹ்வு' ஓதும் மாணவர் அவர் பெயரை நன்கறிவர். தமிழ் பயிலும் மாணவர் அறிய வாய்ப்புக் குறைவு. ஆதலின் இத்துறை மலரில் அவர் வரலாற்றைச் சுருங்க எழுத முற்பட்டோம்.

பிறிதொரு காரணமும் உண்டு. ஒருவர் வாய் திறந்த அளவிலேயே அவர் ஊரையும் குலத்தையும் கணித்து, அக்கணிப்பைக் கொண்டே அவர் அறிவையும் அளந்துவிடும் வழக்கம் எம்மொழியாரிடத்தும் உண்டு. அவ்வழக்கத்தின் இரு முனைகளிலும் நின்றவர் சீபவைஹி. பிறர் பேச்சை எடைபோடுவதே அவர் தொழில். இறுதியில் தம் பேச்சை முன்னிட்டுத் தாமே எடைபோடப்பட்டார்.

பிறப்பும் பஸ்ராவும்

அவர்தம் இயற்பெயர் அம்ரு இப்னு உஸ்மான் இப்னு கன்பர் என்பதாம். சீபவைஹி என்பது பாரசீகச் செல்லப்பெயர். 'சீப்' எனின் அம்மொழியில் ஆப்பிள் பழம். ஆப்பிளின் மணம் போன்றவர் என்று அப்பெயருக்குப் பொருள் கூறுவர் பழைய வரலாற்றாசிரியர். ஹிஜ்ரி 2ஆம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 8ஆம் நூற்றாண்டில், பாரசீகத்தின் ஷீராசு நகருக்கு அண்மையிலுள்ள அல்பைளா என்னும் ஊரில் பிறந்தார். அவர் குடும்பத்தார் பனூ ஹாரித் இப்னு கஅப் என்னும் அரபுக் குலத்தின் 'மவ்லா'க்கள். இஸ்லாத்தைத் தழுவிய அரபியரல்லாதார் ஏதேனும் ஓர் அரபுக் குலத்தைச் சார்ந்து வாழ்ந்த காலம் அது. அவ்வாறு சார்ந்தோரை மவ்லா என்றனர். தொழுகை வரிசையில் அவர்கட்கும் பிறர்க்கும் வேறுபாடில்லை. சந்தையிலும் சபையிலும் வேறுபாடு இருந்தது. அதனை முதலில் காட்டிக் கொடுத்தது நாவே.

இளமையிலேயே அவர் பஸ்ராவுக்கு வந்து சேர்ந்தார். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் காலத்தில் படைவீரர் தங்குமிடமாக எழுந்த நகரம் அது. ஒரு புறம் பாலைவனம், மறுபுறம் ஆறும் பேரீச்சந்தோப்பும், அப்பால் பாரசீகம். நகருக்கு வெளியே 'மிர்பத்' என்னும் ஒட்டகச் சந்தை கூடும். பாலைவனத்து அஃராபிகள் அங்கு ஒட்டகம் விற்க வருவர், கவிதையும் சொல்வர். சொல்லாராய்ச்சி செய்வோர் ஏட்டுடன் அவர்களைச் சூழ்ந்து நிற்பர். கலப்பில்லாத அரபு பாலைவனத்து நாவில்தான் உள்ளது என்பது அந்நாளைய நம்பிக்கை. நகரத்துச் செல்வர் எழுத்தறிவில்லாத ஒட்டகக்காரனிடம் சொல் கேட்டு நின்ற காட்சி நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

சீபவைஹி இலக்கணம் கற்க வந்தவர் அல்லர். நபிமொழிக் கலை கற்கவே ஹம்மாத் இப்னு ஸலமா (ரஹ்) அவர்களின் அவையில் அமர்ந்தார். ஒருநாள் ஆசிரியர் சொல்ல இவர் எழுதிக்கொண்டிருந்தார். அந்நபிமொழியில் அபுத்தர்தா (ரலி) அவர்களின் பெயர் வருகின்றது. அரபு மொழியில் 'தந்தை' என்னும் சொல் எழுவாயாக நிற்பின் 'அபூ' எனவும், செயப்படுபொருள் முதலிய நிலைகளில் 'அபா' எனவும் ஈறு திரியும். அங்கு 'லைஸ' என்னும் சொல் 'இல்லை' என்னும் வழக்கமான பொருளை விட்டு 'தவிர' என்னும் பொருளில் வந்திருந்தது. சீபவைஹி அதனை 'இல்லை' எனக் கொண்டு, அடுத்து வந்த பெயரை எழுவாயாக்கி 'அபூ' என்று படித்துவிட்டார். 'அபா' என்பதே சரி. ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் பிழையைச் சுட்டினார். இனி எவரும் தம்மிடம் பிழை காணவியலாத அளவுக்கு ஒரு கலையைக் கற்பேன் என்று அன்றே உறுதி பூண்டார் இளைஞர் என்பர். பாரசீக வாயிலிருந்து ஓர் உயிரெழுத்துப் பிறழ்ந்தது. அரபியச் சிறுவன் ஒருவன் அதே பிழையைச் செய்திருப்பின் கவனக்குறைவு என்று விட்டிருப்பர். இவர் செய்தபோது அவர் பிறப்பே அங்குப் பேசப்பட்டிருக்கும் என்று நாம் ஊகிக்கின்றோம்.

அதன் பின்னர் அவர் சென்று சேர்ந்த இடம் கலீல் இப்னு அஹ்மத் (ரஹ்) அவர்களின் திண்ணை. அரபு யாப்பிலக்கணத்தைக் கண்டவர் கலீல். 'கிதாபுல் ஐன்' என்னும் அரபு அகராதிக்கு வித்திட்டவரும் அவரே. வறுமையில் வாழ்ந்து அரசரை நாடாதவர். சீபவைஹி வரும்பொழுது சலிப்புத் தராத விருந்தினர் வருகிறார் என்று அவர் வரவேற்பாராம். பிற மாணவர் எவரையும் அவ்வாறு வரவேற்றதில்லையாம். நூலில் ஐந்நூறு இடங்களுக்கு மேல் கலீலின் கருத்துகள் வருகின்றன. பல இடங்களில் பெயர் கூறாது 'அவரிடம் கேட்டேன்' என்ற அளவில் சீபவைஹி நிறுத்துவார். அந்த 'அவர்' கலீலே என்று உரையாளர் கொள்வர். யூனுஸ் இப்னு ஹபீப் முதலியோரிடமும் அவர் பாடம் கேட்டார். இரு புறமும் முடிக்கற்றை தொங்கத் தம் அவைக்கு வந்த இளைஞராக அவரைப் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார் அபூஸைது அல்அன்சாரீ என்னும் மொழியறிஞர்.

சீபவைஹியின் நாவில் ஒரு தடை இருந்தது என்றும், அவர் நாவினும் எழுதுகோலே வன்மையுடையது என்றும் கண்டோர் கூறியுள்ளனர். பின்னர் பக்தாதில் நிகழ்ந்ததை நோக்கும்பொழுது இச்செய்தியை மறத்தல் கூடாது.

நூல் கேட்ட குரல்கள்

பாரிசு நகரில் 1881 முதல் 1889 வரை தெரன்பூர் என்னும் அறிஞர் பதிப்பித்தவாறு அந்நூல் 571 இயல்களை உடையது. ஆயிரத்திற்கும் மேற்பட்ட கவிதை அடிகள் அதில் சான்று காட்டப்படுகின்றன. திருக்குர்ஆன் வசனங்களும் பல நூறு. இவற்றோடு மக்கள் பேச்சும் சான்றாக நிற்பதுதான் நம் பொருளுக்கு இன்றியமையாதது.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். 'மா' என்பது அரபில் எதிர்மறை இடைச்சொல். ஹிஜாஸ் நாட்டார், அதாவது மக்கா மதீனாப் பகுதியார், அதனைத் தொடர்ந்து வரும் பயனிலைப் பெயரின் ஈற்றைத் திரித்துக் கூறுவர். தமீம் குலத்தார் திரிக்காமலே கூறுவர். யூசுஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனத்தில் 'மனிதர்' என்னும் பொருளுடைய சொல் ஹிஜாஸ் வழக்கில் அமைந்துள்ளது. குர்ஆனின் வழக்கு ஒரு பக்கம் நிற்க, மற்றொன்றைப் பிழை என்று தள்ளிவிடுதல் எளிது. அவ்வாறு தள்ளியிருப்பின் எவரும் குறை கூறியிருக்கமாட்டார். சீபவைஹியோ இரண்டையும் ஒருங்கே எழுதினார். அதுமட்டுமன்று, இலக்கண ஒப்புமை நோக்கில் தமீம் வழக்கே நெறிப்பட்டது என்றும் குறித்தார். ஓதுதல் முஸ்ஹஃபின்படியே. மொழியை ஆராயுங்கால் கேட்டது கேட்டவாறே. இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவில்லை.

இன்னொன்று. பெண்பாலை முன்னிலைப்படுத்தும் 'கி' என்னும் விகுதியைத் தமீம், அஸது குலத்தாருள் சிலர் 'ஷி' என ஒலிப்பர். 'கஷ்கஷா' என்று பெயரிட்டு இதனைப் பிற்காலத்தார் குறைகளின் பட்டியலில் சேர்த்தனர். சீபவைஹி அதற்குக் காரணம் தேடுகிறார். சொல்லின் இறுதியில் நிறுத்தும்பொழுது ஈற்றுயிர் கெடும். கெட்டால் ஆண்பாலும் பெண்பாலும் ஒன்றாகிவிடும். பெண்பாலைத் தெளிவாகக் காட்டவே அவ்வொலியைக் கொண்டனர் என்பது அவர் விளக்கம். நகைத்தற்குரியதாகப் பிறர் கொண்ட ஒன்றில் ஒழுங்கைக் கண்டவர் அவர்.

ஆயினும் அவரை எல்லா வழக்கையும் ஒப்பக் கருதிய இக்கால மொழியியலாராக்கி விடுதல் பொருந்தாது. ரபீஆ குலத்தாருள் சிலர் 'மின்ஹும்' என்பதனை 'மின்ஹிம்' எனல் கண்டு, அது தாழ்ந்த வழக்கு என்று ஒளிக்காமல் எழுதினார். ஒலிகளைத் தொகுக்குமிடத்து அடிப்படை ஒலிகள் 29 என்றார். ஓதுவதற்கும் கவிதைக்கும் ஏற்கப்படும் கிளை ஒலிகளைச் சேர்த்து 35 என்றார். நல்லனவாகக் கொள்ளப்படாத ஒலிகளையும் சேர்த்து 42 என்று முடித்தார். பாரசீகத்தில் பிறந்த ஒருவர், நல்ல அரபியர் வாயில் வாராத ஒலிகளின் பட்டியலைத் தம் கையாலேயே எழுதியிருக்கிறார். அவற்றுள் எத்தனை அவர் வீட்டாரின் பேச்சில் ஒலித்தனவோ! அந்த ஒலிகளையும் அவர் எண்ணாமல் விடவில்லை. பிழை எனக் கருதியதையும் பதிவு செய்தமையால்தான் 1,200 ஆண்டு கழித்து அவ்வொலிகளை நாம் அறிகின்றோம்.

'ஹசன்' (நல்லது), 'கபீஹ்' (அருவருப்பானது) என்று அவர் வாக்கியங்களைப் பகுக்கும் சொற்கள் ஒழுக்கத்தையும் செயலையும் மதிப்பிடும் சொற்களே. பேச்சை மதிப்பிடுவதும் ஆளை மதிப்பிடுவதும் எத்துணை நெருங்கியவை என்பதை இக்கலைச்சொற்களே காட்டும்.

தமிழிலும் இஃது உண்டு. தொல்காப்பியம் கூறும் செந்தமிழ் நிலத்துக்கு எல்லை வகுத்த உரையாசிரியர், வையை ஆற்றின் வடக்கு, மருத ஆற்றின் தெற்கு, கருவூரின் கிழக்கு, மருவூரின் மேற்கு என்றனர். அதனைச் சொல்லுக்குச் சொல் கொள்ளின் வையையின் தென்கரையில் அமைந்த மதுரையே புறத்தே நின்றுவிடும்! கீழக்கரையும் காயல்பட்டினமும் எங்கே நிற்கும் என்று சொல்லவேண்டுவதில்லை.

பக்தாதில் ஒரு நாள்

ஹாரூன் அல்ரஷீத் கி.பி. 786இல் கலீஃபாவானார். அவருடைய தலைமை அமைச்சர் யஹ்யா இப்னு காலித் பர்மகீ. அவ்வாட்சியில் ஒருநாள் சீபவைஹி பக்தாதுக்கு வந்தார். அங்கே அரண்மனையில் செல்வாக்குடன் இருந்தவர் கூஃபா நகரத்து அறிஞர் அல்கிஸாயீ (ரஹ்). ஏழு கிராஅத் இமாம்களுள் ஒருவர். கலீஃபாவின் மக்களுக்கு ஆசிரியர். பஸ்ராவுக்கும் கூஃபாவுக்கும் இலக்கணத்தில் போட்டி. இருவரையும் எதிரெதிரே அமர்த்தி வாதிடச் செய்தார் அமைச்சர்.

கிஸாயீ வருமுன்பே அவர்தம் மாணவர் அல்அஹ்மரும் அல்ஃபர்ராவும் சீபவைஹியிடம் வினாத் தொடுத்து அவரைச் சலிப்புறச் செய்தனர் என்பர். பிறகு கிஸாயீ வந்தார். அவர் எடுத்த வினா இது. தேளின் கொட்டு குளவியின் கொட்டினும் கடுமையானது என்று எண்ணியிருந்த ஒருவன், பட்டறிந்த பின் இரண்டும் ஒன்றே எனச் சொல்கிறான். அவ்வாக்கியத்தின் இறுதியில் 'ஹுவ ஹிய' என்று இரண்டையும் எழுவாய் வடிவில் கூறவேண்டுமா? அல்லது 'ஹுவ இய்யாஹா' என்று பின்னதைச் செயப்படுபொருள் வடிவில் கூறலாமா? தமிழில் 'அவன் அவள்', 'அவன் அவளை' என்பவற்றிடையே உள்ள வேறுபாடு போன்றது இது. முன்னதே சரி, பின்னது ஆகாது என்றார் சீபவைஹி. இரண்டும் அரபியர் வழக்கில் உண்டு என்றார் கிஸாயீ.

இரு நகரங்களின் தலைவர்கள் முரண்படுகின்றனர், தீர்ப்பு வழங்குவார் யார் என்று அமைச்சர் வினவ, அரபியர் வாயிலிலேயே காத்திருக்கின்றனர் என்றார் கிஸாயீ. அபூ ஃபக்அஸ் முதலிய அஃராபிகள் உள்ளே அழைக்கப்பட்டனர். அவர்கள் கிஸாயீயின் பக்கமே சொன்னார்கள். அவர்கள் அத்தொடரைத் தம் வாயால் ஒலித்துக் காட்டவில்லை, கிஸாயீ சொன்னதே சரி என்ற அளவில் நின்றனர் என்று ஒரு செய்தி வழங்குகிறது. அவர்களைச் சொல்லச் சொல்லுங்கள், அவர்கள் நாவு அதற்கு இசையாது என்று சீபவைஹி கேட்டுக்கொண்டதாகவும் கூறுவர். அவ்வேண்டுகோள் நிறைவேறவில்லை. கிஸாயீயே பரிந்துரைக்க, அமைச்சர் பத்தாயிரம் திர்ஹம் கொடுத்து சீபவைஹியை அனுப்பிவைத்தார்.

அவையை எண்ணிப் பாருங்கள். சீபவைஹி பாரசீகர். கிஸாயீயும் பாரசீக வழிவந்தவர், அஸது குலத்தின் மவ்லா. அமைச்சரோ பல்கு நகரத்து வழிவந்தவர். அரபு மொழியின் ஒரு விகுதிக்காக மூவரும் கூடியிருக்க, தீர்ப்பு வாயிலில் நின்ற ஒட்டகக்காரரிடம் விடப்பட்டது.

இந்நிகழ்ச்சியைக் கூறுவோர் பெரும்பாலும் பஸ்ராவின் பக்கமே நிற்பர். சான்று கூறியோர்க்குக் கைக்கூலி கொடுக்கப்பட்டது என்பர். கிஸாயீயின் அரண்மனைச் செல்வாக்கை அறிந்து அஞ்சினர் என்பர். அவர்கள் பக்தாதின் அருகே குடியேறிவிட்ட ஹுதமா அஃராபிகள், அவர்தம் அரபு தூய்மை கெட்டது என்றும் உரைப்பர். இங்கு நாம் சிறிது மாறுபடுகின்றோம். முதலிரண்டு குற்றச்சாட்டுகள் உண்மையாயிருக்கலாம். மூன்றாவது குற்றச்சாட்டோ வேறு வகையானது. வென்றவர் பக்கம், இவர்கள் அரபியர், ஆதலின் இவர்கள் சொன்னது சரி என்கிறது. தோற்றவர் பக்கம், இவர்கள் நகரோரத்து அரபியர், ஆதலின் இவர்கள் சொன்னது தவறு என்கிறது. இரு சாராரும் பேசியவரின் ஊரையே நோக்கினர்; பேச்சைக் கேட்டவர் எவருமிலர். அவ்வழக்கு உண்மையிலேயே எங்கோ ஒரு குலத்தாரிடம் இருந்திருக்கவும் கூடும். மிர்பத் சந்தையில் அத்துணைக் குரல்களுக்கும் செவிகொடுத்த சீபவைஹி, அன்று தாம் கேளாத ஒன்றை இல்லை என்று சொல்லிவிட்டார். பெருமகனாரின் மீது குறை காண்பது நம் நோக்கமன்று. அவையின் நெருக்கடி அத்தகையது.

நாமும் குற்றத்திலிருந்து நீங்கியவர் அல்லேம். ஆண்டுகள் பலவற்றுக்கு முன், கடற்கரையூரிலிருந்து வந்த மாணவர் ஒருவர் தம் கட்டுரையில் 'ஆணம்' என்று எழுதியிருந்தார். குழம்பைக் குறிக்கும் சொல். கொச்சை என்று சிவப்பு மையால் வட்டமிட்டு, வகுப்பில் படித்தும் காட்டினோம். வகுப்பு நகைத்தது. 'வாப்பா', 'உம்மா' என்று வீட்டில் அழைத்து வளர்ந்த நாமே நகைத்தோம் என்பதை வெட்கத்துடன் எழுதுகின்றோம். பின்னொருநாள் வேறொரு சொல்லைத் தேடி அகராதியைப் புரட்டியபொழுது, 'ஆணம்' குழம்பு என்னும் பொருளோடு அங்கே இருந்தது. தொழுகை, நோன்பு, பள்ளி என்று தூய தமிழில் வழங்கும் ஒரு சமுதாயத்தின் அடுப்படியிலும் பழந்தமிழ் இருக்கக்கூடும் என்று நமக்குத் தோன்றாமற் போயிற்று. அம்மாணவர் அந்த ஆண்டு முழுதும் வகுப்பில் மறுபடி வாய் திறக்கவில்லை.

திரும்பாத வழி

சீபவைஹியும் பஸ்ராவின் அவைகளுக்குத் திரும்பவில்லை. தோற்றவராக அங்கே நுழைய மனம் ஒப்பாமல் பாரசீகத்தை நோக்கிச் சென்றார். வழியில் தம் மாணவர் அல்அக்ஃபஷைக் கண்டு நடந்ததைக் கூறினார் என்பர். சில காலத்திலேயே நோயுற்று, தம் சகோதரர் மடியில் தலைசாய்த்து உயிர் நீத்தார். ஹிஜ்ரி 180, அதாவது கி.பி. 796 என்பது பெரும்பான்மையோர் கொள்ளும் ஆண்டு. அகவை 32 என்பாரும் நாற்பதைச் சிறிது கடந்தவர் என்பாரும் உளர். அவர் அடக்கம் ஷீராசில் உள்ளது. ஈன்ற மொழியாரிடையே பிறந்து, ஈன்ற மொழியாரிடையே இறந்து, இடைப்பட்ட காலமெல்லாம் பிறமொழி ஒன்றுக்காக வாழ்ந்தார்.

நூலை அவர் எவர்க்கும் முழுமையாகப் பாடம் சொல்லவில்லை. அல்அக்ஃபஷே அதனைக் காத்துப் பரப்பினார். 'குளவி வினா' என்றே பெயர் பெற்றுவிட்ட அந்த வழக்கும் பக்தாதோடு முடியவில்லை. ஹிஜ்ரி 577இல் மறைந்த இப்னுல் அன்பாரீ பஸ்ரா, கூஃபா முரண்பாடுகளைத் தொகுத்த தம் நூலில் அதனை மீண்டும் விசாரித்தார். ஹிஜ்ரி 761இல் மறைந்த இப்னு ஹிஷாம் தம் 'முக்னீ'யில் மறுபடியும் எடுத்தார். சீபவைஹி சொன்னதே நெறி என்பது இருவர் முடிபும்.

வென்ற கிஸாயீயோ, பின்னர் அல்அக்ஃபஷை அழைத்து, எழுபது தீனார் கொடுத்து, அந்நூலை மறைவாகத் தாம் பாடம் கேட்டார் என்று வரலாற்று நூல்கள் உரைக்கின்றன. அன்று அவையில் முதல் வினாத் தொடுத்தவர்களுள் ஒருவரான அல்ஃபர்ரா ஹிஜ்ரி 207இல் மறைந்தார். அவர் தலையணையின் கீழ் சீபவைஹியின் நூல் இருக்கக் கண்டனர் என்பர்.